மாட்டின் மேல் ஓடும் அந்தக் கோடு முந்தியதா, பிந்தியதா? பாறைக் கீறல்கள் பற்றிக் கேட்க வேண்டும்

மலைச்சரிவு:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு மலையடிவாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கறுத்துப்போன ஒரு பெரிய உருண்டைப் பாறையில் நீளக் கொம்பு வைத்த மாடு ஒன்றைப் பார்த்தேன். சாயத்தால் வரைந்தது இல்லை, பாறையிலேயே கொத்தியிருக்கிறார்கள். இரண்டு கையையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். திமிலும் கொம்பும் தெளிவாக இருக்கின்றன, கால்கள் மங்கிப்போய்விட்டன. கழுத்தில் தொடங்கி வயிறு வரை ஒரு கோடு குறுக்கே ஓடுகிறது. அது ஈட்டியா, கயிறா, பிற்காலத்தில் யாரோ கிறுக்கியதா என்று எனக்குப் பிடிபடவில்லை. உச்சி வெயில், கண் கூசியது, எடுத்த ஆறு போட்டோவிலும் ஒன்றும் தெரியவில்லை.

இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், மன்னிக்கவும். பக்கத்துப் பாறையில் ஏற்கனவே யாரோ பெயரும் இதயமும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். என் கேள்வி மூன்று. எதைக் கொண்டு கொத்தியிருப்பார்கள்? மாடும் கோடும் ஒரே ஆள் வேலையா என்று கண்டுபிடிக்க முடியுமா? இது எவ்வளவு பழையது என்று ஆய்வாளர்கள் எப்படித்தான் சொல்கிறார்கள்?

கூழாங்கல்:
பெயர் சொல்லாமல் விட்டது நல்ல காரியம், அப்படியே இருக்கட்டும். பாறைக் கீறல்களைப் படம் பிடித்து ஆவணப்படுத்தும் குழுக்களோடு சில வருடங்கள் உதவியாளாகப் போயிருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உச்சி வெயில் போட்டோவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெளிச்சம் நேராக விழுந்தால் பள்ளத்துக்கு நிழல் கிடையாது, நிழல் இல்லாவிட்டால் உருவம் கிடையாது. காலையிலோ மாலையிலோ வெயில் பாறையை உரசிக்கொண்டு வரும்போது எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பது. பகலில் வெறும் பாறையாக இருந்த இடத்தில் கால், வால், குளம்பு எல்லாம் எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிமிடம் சிலிர்க்கும்.

இனி செய்முறை. கல்லில் உருவம் பதிக்கக் கொத்தலாம், கூர்மையான கல்லால் கீறலாம், மணலும் கல்லும் வைத்துத் தேய்க்கலாம், குழியாகக் குடையலாம். பெரும்பாலான இடங்களில் இவை கலந்துதான் வருகின்றன. போர்ச்சுகலின் கோவா பள்ளத்தாக்கில் முதலில் புள்ளி புள்ளியாகக் கொத்தி உருவத்தைக் கட்டி, அப்புறம் அந்தப் புள்ளிகளுக்கு இடையே தேய்த்துத் தொடர்ச்சியான பள்ளமாக்கிய காட்டு மாடுகளும் குதிரைகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே தலைமுடி போல மெல்லிய கோடாகக் கீறியவையும் இருக்கின்றன, வெயில் சரியான கோணத்தில் விழாவிட்டால் அவற்றின் முன்னால் நின்றுகொண்டே தவற விடலாம்.

உங்கள் பாறை கறுத்தது என்கிறீர்கள், அதனால் ஆழம் அதிகம் தேவைப்பட்டிருக்காது. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பாறையின் மேல் இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்து மெல்லிய கறுப்புப் படலம் படியும். பாலைவனங்களில் இது பளபளவென்று இருக்கும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. அந்தத் தோலைக் கொத்தி எடுத்தால் போதும், அடியில் இருக்கும் வெளிர் நிறம் வெளியே வந்துவிடும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து மாதிரி. புதிதாகக் கொத்தியபோது உங்கள் மாடு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்திருக்கும்.

வெயிலோன்:
ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லை வைத்து கல்லைக் கொத்தினால் இரண்டும்தானே தேயும்? இரும்பு உளியே ஒரு நாளில் மழுங்கிப்போகும் பாறையில் வெறும் கையும் கல்லும் வைத்து இத்தனை உருவம் என்பது எனக்கு ஏறவில்லை. உலோகம் வந்த பிறகு செய்தவையாகத்தான் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூழாங்கல்:
கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு வாதத்தைவிடச் சோதனை நல்ல பதில்.

மத்தியப் பிரதேசத்தில் பான்புராவுக்குப் பக்கத்தில் தராகி சட்டான் என்று ஒரு குறுகலான குகை. அதன் சுவர்களில் சுமார் 500 கிண்ணக்குழிகள் இருக்கின்றன, பாறையோ குவார்ட்சைட், இயற்கையில் கிடைக்கும் மிகக் கடினமான பாறைகளில் ஒன்று. கிரிராஜ் குமார் என்ற ஆய்வாளரின் குழு 2000களின் தொடக்கத்தில் அதே வகைப் பாறையில், அதே வகைக் கல்லைக் கையில் பிடித்து, குழி குடைந்து பார்த்தது. ஒவ்வொரு அடியையும் எண்ணினார்கள். ஒரு குழிக்கு 20,000 அடிகளுக்கு மேல் விழுந்தது, இரண்டு நாள் வேலை, ஆழம் 7 மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை. முடியும் என்பது ஒரு பக்கம். ஒரு சின்னக் குழிக்காக ஒரு ஆள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பது இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட 500 குழிகளைப் பார்த்து "சும்மா பொழுதுபோக்குக்குத் தட்டியது" என்று இனி என்னால் சொல்ல முடியாது.

இதே வேலை மணற்கல்லில் சில நிமிடங்கள்தான். ஆகவே "எவ்வளவு நேரம்" என்ற கேள்விக்குப் பாறையைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

நானும் ஒரு முறை செய்து பார்த்தேன். தொல்லியல் இடத்தில் இல்லை, அப்படி யாரும் செய்யவும் கூடாது, கட்டட வேலையில் மிஞ்சி வீசிய ஒரு கருங்கல் பலகையில். முட்டை அளவு குவார்ட்ஸ் கல். முதல் பத்து அடியில் கல் வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ விழுந்தது, சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். அப்புறம் மணிக்கட்டை இறுக்காமல், கல்லை அதன் கனத்திலேயே விழவிட்டுப் பிடித்தால் ஒரே இடத்தில் விழுகிறது என்று கை தானாகக் கற்றுக்கொண்டது. அடி விழும் இடத்தில் கல் வெட்டுப்படுவது இல்லை, நொறுங்குகிறது. மாவு மாதிரி வெள்ளைத் தூள் சேர்ந்துகொண்டே வரும், அதை ஊதித் தள்ளாவிட்டால் அடுத்த அடியின் வேகத்தை அந்தத் தூளே வாங்கிக்கொள்ளும். கையிலிருந்த கல்லின் முனை மழுங்கும், கல்லைத் திருப்பிப் பிடித்தால் இன்னொரு முனை. ஒரு மணி நேரத்தில் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு வந்தது, இரண்டு நாள் தோள் வலித்தது. உலோகம் தேவையில்லை வெயிலோன், கையில் இருக்கும் கல் அடிபடும் பாறையின் அளவுக்காவது கடினமாக இருந்தால் போதும். பொறுமைதான் வேண்டும்.

உளிச்சத்தம்:
நான் கல் வேலை செய்பவன், முப்பது வருடமாக உளியும் சுத்தியலும்தான். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, ஆனால் பொளி, அதாவது கல்லில் அடி விட்ட தடம், பார்த்தால் ஆளைச் சொல்வேன். கூழாங்கல் ஐயா சொன்ன "அங்கங்கே விழுந்த வெள்ளைப் புள்ளி" இருக்கிறதே, அதுதான் முதல் அடையாளம். கையில் பிடித்த கல்லால் நேரடியாக அடித்தால் கோட்டுக்கு வெளியே தவறிய அடிகள் இருக்கும், புள்ளிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடும். உளி மாதிரி ஒரு கூர்க்கல்லை இடத்தில் வைத்து, அதன் தலையில் இன்னொரு கல்லால் அடித்தால் புள்ளிகள் வரிசையாக, நெருக்கமாக, கோட்டைத் தாண்டாமல் விழும். இரும்பு உளி என்றால் குழி குறுகலாக, ஆழமாக, அடியில் கூராக இருக்கும். கல் உளிக்குக் குழி அகலமாக, கிண்ணம் மாதிரி.

இன்னொன்று. வேலை செய்தவன் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தான் என்பதும் தெரியும். அடி சாய்வாக விழுந்தால் குழியின் ஒரு விளிம்பு செங்குத்தாகவும் மறு விளிம்பு சரிவாகவும் இருக்கும். அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே போனால் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், எங்கே எழுந்து இடம் மாறினான் என்று ஊகிக்கலாம். மாட்டின் கொம்பை இழுக்கும்போது பெரும்பாலானவர்கள் இடம் மாறியிருப்பார்கள், வளைவான கோட்டை ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிக்க முடியாது.

நிலவொளி:
உளிச்சத்தம் அண்ணா எழுதியதை நான் சேமித்து வைத்துக்கொள்கிறேன், இவ்வளவு தெளிவாக எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சேர்க்கிறேன். நேரடியாக அடித்தே சீரான கோடு இழுக்கப் பழகிய கைகள் இருந்திருக்கின்றன என்று சோதனை செய்து பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே தவறிய அடிகள் இருந்தால் நேரடி அடி என்று தைரியமாகச் சொல்லலாம், தவறிய அடிகள் இல்லை என்பதாலேயே உளி என்று முடிவு கட்ட முடியாது.

உளிச்சத்தம்:
சரிதான் அம்மா. நல்ல கை என்றால் தவறாது. ஒத்துக்கொள்கிறேன்.

மலைச்சரிவு:
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. காலம் பற்றி யாராவது சொல்லுங்களேன். வீட்டில் காட்டியபோது எல்லோரும் முதலில் கேட்டது "எத்தனை ஆயிரம் வருடம்?" என்றுதான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நிலவொளி:
எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பாறைக் கீறலுக்கு அதுதான் கடைசியாகப் பதில் கிடைக்கும் கேள்வி, பல இடங்களில் கிடைக்காமலே போகும் கேள்வி. காரணம் எளிது. ஓவியத்தில் கரி கலந்திருந்தால் அந்தக் கரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். கொத்தலில் ஒரு பொருளும் சேர்க்கப்படவில்லை, பாறையிலிருந்து கொஞ்சம் எடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத பொருளை எப்படிச் சோதிப்பது? பாறையின் வயது கோடிக்கணக்கில் இருக்கும், அது நமக்கு உதவாது.

அதனால் பாறைக்கு வெளியே ஏதாவது சாட்சி வேண்டும். நன்றாக நிரூபிக்கப்பட்ட சில இடங்களைச் சொல்கிறேன், சாட்சி எத்தனை விதம் என்று புரியும்.

எகிப்தின் குர்தாவில் நைல் ஓரத்துப் பாறையில் காட்டு மாடுகளைக் கொத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியைக் காற்று கொண்டுவந்த மணல் மூடிக் கிடந்தது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று கணக்கிட ஒரு முறை உண்டு. புதைந்த பிறகு சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு துகளுக்குள் சேர்ந்துகொண்டே போகும், ஆய்வுக்கூடத்தில் ஒளியைப் பாய்ச்சினால் சேர்ந்தது ஒளியாக வெளியே வரும், அதை அளந்தால் புதைந்த காலம் கிடைக்கும். டிர்க் ஹைகெ குழு 2011ல் வெளியிட்ட முடிவு, அந்த மணல் குறைந்தது சுமார் 15,000 ஆண்டுகளாக அங்கே கிடக்கிறது. மணல் மூடும் முன்பே மாடு இருந்தாக வேண்டும் இல்லையா, ஆகவே மாடு அதைவிடப் பழையது. எவ்வளவு பழையது என்று மணல் சொல்லாது. "குறைந்தது" என்ற சொல்லைச் செய்திக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

நார்வேயின் ஆல்டாவில் சாட்சி கடல். பனிப்பாறையின் கனம் போன பிறகு அந்த நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. கீறல்கள் கடலோரப் பாறைகளில் கொத்தப்பட்டவை என்று கொண்டால், இன்று மேட்டில் இருப்பவை பழையவை, தாழ்வில் இருப்பவை பிந்தியவை. மலை ஏறினால் காலத்தில் பின்னோக்கிப் போகிறோம்.

இத்தாலியின் வால் கமோனிகாவில் சாட்சி ஆயுதம். அங்கே ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல் உருவங்கள், அவற்றில் முக்கோண அலகும் அரைச் சந்திரப் பிடியும் வைத்த குத்துவாள்கள் இருக்கின்றன. அதே வடிவக் குத்துவாள்கள் வட இத்தாலியின் ரெமெடெல்லோ என்ற இடுகாட்டில் கல்லறைகளுக்குள் கிடைத்திருக்கின்றன, செம்புக் காலம், பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் ஆயிரமாண்டு. கல்லறைக்குக் காலம் கணிக்க முடியும், அதைப் பாறைக்குக் கடன் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் நெவாடாவில் வின்னமக்கா ஏரிப் பாறைகளில் சாட்சி தண்ணீர். ஏரி நிரம்பியிருந்த காலத்தில் பாறைமேல் படிந்த சுண்ணாம்புப் படிவைச் சோதித்து, பாறை எப்போதெல்லாம் தண்ணீருக்கு வெளியே இருந்தது என்று கணக்கிட்டார்கள். 2013ல் வந்த முடிவின்படி அந்தக் கீறல்கள் 14,800 ஆண்டுகளுக்கும் 10,500 ஆண்டுகளுக்கும் இடையில் செய்யப்பட்டவை.

வெயிலோன்:
அருமை. அப்படியென்றால் கறுப்புப் படலம் எவ்வளவு திரும்பப் படிந்திருக்கிறது என்று பார்த்தே வயது சொல்லலாமே? அதிகம் கறுத்தது பழசு, வெளுத்தது புதுசு.

நிலவொளி:
ஒரே பாறையில், ஒரே முகத்தில், ஒரே சாய்வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உருவங்களை ஒப்பிட அது உதவும், அதுவும் கவனமாக. ஆண்டுக் கணக்காக மாற்ற முடியாது. மழைநீர் வழியும் தடத்தில் ஒரு வேகம், நிழல் பக்கத்தில் ஒரு வேகம், ஆழமாகக் கொத்தியதில் ஒரு வேகம். 1980களிலும் 90களிலும் அந்தப் படலத்தின் வேதியியலை வைத்து நேரடியாகக் காலம் கணிக்கப் பெரிய நம்பிக்கையோடு இறங்கினார்கள், அப்புறம் முடிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெரிய சர்ச்சையாகி, இன்று அதைத் தனிச் சாட்சியாகப் பெரும்பாலானவர்கள் நம்புவதில்லை.

போர்ச்சுகலின் அந்தக் கோவா பள்ளத்தாக்கில் இந்தச் சண்டை நேரடியாகவே நடந்தது. 1994ல் அங்கே அணை கட்டிக்கொண்டிருந்தபோது கீறல்கள் பற்றி வெளி உலகுக்குத் தெரிந்தது. பாணியைப் பார்த்தவர்கள் பழைய கற்காலம் என்றார்கள், பாறை மேற்பரப்பைச் சோதித்த சிலர் சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்றார்கள். பழையதில்லை என்று ஆகியிருந்தால் அணைக்காரர்களுக்கு வசதி. "கீறல்களுக்கு நீந்தத் தெரியாது" என்று மாணவர்கள் கோஷம் போட்டார்கள், கடைசியில் அரசு அணையை நிறுத்தியது, 1998ல் அது உலகப் பாரம்பரிய இடமானது. காலச் சண்டையைத் தீர்த்தது 1999ல் ஃபரிசெயு என்ற இடத்தில் தோண்டிய ஒரு குழி. கீறல் இருந்த பாறை முகம் பழைய கற்கால மண் அடுக்குகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. அதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை.

தேன்சிட்டு:
நான் இந்தத் துறையில் மாணவி, கொஞ்சம் சேர்க்கிறேன். அந்த ஃபரிசெயு கதையில் எனக்குப் பிடித்தது, பதில் பாறையில் இல்லை, பாறையின் காலடியில் இருந்தது என்பதுதான். பலரும் பாறையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கீழே மண்ணில் அடித்து மழுங்கிய கல்லும் சில்லும் கிடக்கலாம், பாறையிலிருந்து உரிந்து விழுந்த, கீறலோடு கூடிய துண்டும் கிடக்கலாம். தராகி சட்டானில் தோண்டியபோது அடித்துத் தேய்ந்த கற்களும் குழியோடு உரிந்து விழுந்த பாறைத் துண்டுகளும் மண்ணடுக்குகளில் கிடைத்தன, அதன் பழமை பற்றிய வாதமே அவற்றை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே மலைச்சரிவு, அங்கே எந்தக் கல்லையும் எடுத்துப் பார்க்காதீர்கள், காலால் மண்ணைக் கிளறாதீர்கள்.

வழிப்போக்கன்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? வெள்ளைச் சாக்பீஸை எடுத்துக் கோடுகளின் மேல் ஓட்டினால் போட்டோவில் பளிச்சென்று விழும், மழை வந்தால் போய்விடும். பழைய புத்தகங்களில் எல்லாப் படமும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள்.

தேன்சிட்டு:
தயவுசெய்து வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆமாம், பழைய படங்கள் அப்படித்தான் எடுக்கப்பட்டன, அதனால்தான் அவற்றில் பாதியை இன்று நம்ப முடியவில்லை. சாக்பீஸ் எடுத்த கை, பாறையில் இருப்பதை வரைவதில்லை, அந்த ஆள் பார்த்ததாக நினைத்ததை வரைகிறது. கால் மங்கலாக இருந்தால் தனக்குத் தோன்றிய இடத்தில் கால் போடும். அடுத்து வருபவர் அந்தச் சாக்பீஸ் கோட்டைத்தான் படம் எடுப்பார், அதுவே பதிவாகிவிடும். மழை எல்லாவற்றையும் கழுவுவதும் இல்லை, நுண்குழிகளில் சுண்ணாம்பு தங்கிவிடும், அப்புறம் அந்த மேற்பரப்பில் எந்த நுண்ணாய்வும் செய்ய முடியாது. ரப்பர் பால் ஊற்றி அச்சு எடுப்பதும் அப்படித்தான், உரித்தெடுக்கும்போது படலமும் பாசியும் சேர்ந்து வந்துவிடும்.

ஸ்வீடனின் தானும் பகுதியில் வெண்கலக் காலக் கப்பல்களுக்கும் மனிதர்களுக்கும் பார்வையாளர்களுக்குத் தெரியட்டும் என்று சிவப்புச் சாயம் பூசி வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கோடு உருவத்தைச் சேர்ந்தது என்று சாயம் பூசியவர் எடுத்த முடிவைத்தான் நாம் பார்க்கிறோம், அங்கேயே இது பற்றிப் பல வருடமாக விவாதம் நடக்கிறது.

வழிப்போக்கன்:
இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஒரு முறை செய்திருக்கிறேன், இனி செய்யமாட்டேன். அப்போ நீங்கள் எப்படித்தான் பதிவு செய்கிறீர்கள்?

தேன்சிட்டு:
முன்பெல்லாம் தெளிவான பாலித்தீன் தாளைப் பாறைமேல் விரித்து மார்க்கரால் புள்ளி புள்ளியாக எடுப்பார்கள். பாறை உதிராத இடங்களில் இன்றும் சிலர் செய்கிறார்கள், ஏனென்றால் இரண்டு மணி நேரம் ஒரு அடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொத்தையும் பார்க்கும்போது கண் கற்றுக்கொள்வதை எந்த இயந்திரமும் கற்றுத்தராது.

இப்போது பெரும்பாலும் கேமராதான். ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்துக் கணினியில் கொடுத்தால் அது முப்பரிமாண உருவத்தைக் கட்டித் தரும். அப்புறம் நிறத்தை நீக்கிவிட்டு வெறும் மேடு பள்ளத்தை மட்டும் பார்க்கலாம், பாசியும் கறையும் கண்ணை ஏமாற்றாது. இன்னொரு முறையில் கேமராவை அசைக்கவே கூடாது, விளக்கை மட்டும் பாறையைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி ஐம்பது அறுபது படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பளபளப்பான கறுப்பு உருண்டை வைத்திருப்பார்கள், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதில் விழும் ஒளிப்புள்ளி கணினிக்குச் சொல்லும். கடைசியில் திரையில் சுட்டியை நகர்த்தி நாம் விரும்பிய திசையிலிருந்து வெளிச்சம் பாய்ச்சலாம். 2001ல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும் அதே பழைய வித்தைதான், ஆனால் இந்த முறை எல்லாக் கோணமும் பத்திரமாகிவிடுகிறது.

வெயிலோன்:
சரி, மாடு ஏன்? வேட்டைக்கு முன் மந்திரம் மாதிரி கொத்தியிருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தக் கோடு ஈட்டி என்றால் அது ஒத்துப்போகிறது.

கூழாங்கல்:
திமில் வைத்த நீளக் கொம்பு மாடு என்றால் வேட்டையைவிட மாடு வளர்த்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பல்லாரிக்குப் பக்கத்தில் குப்கல் மலையில் கறுத்த டோலரைட் பாறைகளில் மாடுகள்தான் அதிகம், அந்தப் பகுதியில் புதிய கற்காலத்தில் மாடு வளர்த்து வாழ்ந்தவர்களின் சாம்பல் மேடுகளும், அதாவது மாட்டுச் சாணம் எரிந்து குவிந்த மேடுகளும், இருக்கின்றன. அங்கே நிக்கோல் பொய்வின் ஆராய்ந்தபோது இன்னொன்று பதிவானது. சில பாறைகளில் உருவம் இல்லை, வெறும் தேய்ந்த பள்ளங்கள், அதில் கல்லால் தட்டினால் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கிறது. கொத்தும் சத்தமே அங்கே ஒரு நிகழ்வாக இருந்திருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து மந்திரம் என்று எழுதியிருந்தால் இந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது. கல் உடைப்பு அந்த மலையைத் தின்றுகொண்டிருப்பது பெரிய வேதனை.

நிலவொளி:
அர்த்தம் சொல்ல யாருக்குத் தகுதி என்பதும் இருக்கிறது. நமீபியாவில் டோரோ நவாஸ் மலைகளில் பாறையில் விலங்குகளின் கால்தடங்களும் மனிதக் கால்தடங்களும் நிறைய. ஆய்வாளர்கள் அவற்றை எத்தனையோ வருடமாக "தடம்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம் கலஹாரியிலிருந்து தடம் பார்ப்பதில் தேர்ந்த சான் மக்கள் மூவரை அழைத்துப் போய்க் காட்டினார்கள். 500க்கும் மேற்பட்ட தடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எந்த விலங்கு, ஆணா பெண்ணா, என்ன வயது, எந்தக் கால் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். 2023ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பாறையில் கொத்தியவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரிந்திருந்தது, அவன் வேண்டுமென்றே கொத்தியிருந்தான், நமக்குத்தான் அந்தக் கண் இல்லை.

வெயிலோன்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மந்திரக் கதையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மலைச்சரிவு:
என் இரண்டாவது கேள்வி பாக்கி. கோடும் மாடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எதைப் பார்க்க வேண்டும்? சனிக்கிழமை டார்ச்சோடு போகப் போகிறேன்.

உளிச்சத்தம்:
சாயம் என்றால் மேலே பூசியது கீழே இருப்பதை மறைக்கும். கொத்தலில் மறைக்க எதுவும் இல்லை, இரண்டுமே பள்ளம். அதனால் வெட்டும் இடத்துக்குள்ளே பாருங்கள் தம்பி. கோடு பிந்தியது என்றால் கோட்டின் கொத்துகள் மாட்டின் பள்ளத்துக்குள் இறங்கி, அடியிலும் நாலு புள்ளி விட்டு, மறு கரையில் ஏறியிருக்கும். மாடு பிந்தியது என்றால் மாட்டின் பள்ளம் கோட்டைத் தின்றிருக்கும், உள்ளே கோட்டின் சுவடு இருக்காது, கோடு இரு கரையிலும் வெட்டுப்பட்ட மாதிரி நிற்கும். ஒரு இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனையும் பாருங்கள். டார்ச்சை நாலு திசையிலிருந்தும் பிடிக்க வேண்டும், கோட்டின் போக்கிலேயே வெளிச்சம் போனால் அந்தக் கோடு மறைந்துவிடும்.

தேன்சிட்டு:
படம் எடுக்கும்போது ஒரு அளவுகோலைப் பாறைக்குப் பக்கத்தில், மேலே இல்லை, பக்கத்தில், வைத்து எடுங்கள். பாறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். பார்த்து முடித்ததும் இடத்தைத் தொல்லியல் துறைக்கு எழுதித் தெரிவியுங்கள், பொதுவில் போடாமல்.

மலைச்சரிவு:
போய் வந்துவிட்டேன். எழுதாமல் தூங்க முடியவில்லை.

ஏழு மணிக்கு மேல் நன்றாக இருட்டிவிட்டது, நண்பர் ஒருவர் டார்ச் பிடித்தார், நான் கேமராவோடு மண்டியிட்டு இருந்தேன். முதலில் வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம். பகலில் இல்லவே இல்லை என்று நினைத்த நான்கு கால்களும் வந்துவிட்டன, பின்னங்கால் ஒன்றில் குளம்பு பிளந்திருப்பது வரை தெரிந்தது. மாட்டைச் சுற்றித் தவறிய அடிகள் நிறைய, கொம்பைச் சுற்றி மட்டும் அவை இல்லை. உளிச்சத்தம் அண்ணன் சொன்ன மாதிரி கொம்பில் குழிகளின் சரிவு மாறுகிறது, அந்த இடத்தில் அவர் எழுந்து பாறையின் மறுபக்கம் போயிருக்க வேண்டும், நானும் அங்கே போய் நின்று பார்த்தேன், கை சரியாக எட்டுகிறது.

கோடு மூன்று இடத்தில் மாட்டை வெட்டுகிறது. கழுத்தில் பாறை உரிந்துபோய்விட்டது, ஒன்றும் சொல்ல முடியாது. முதுகிலும் வயிற்றிலும் தெளிவாக இருக்கிறது. மாட்டின் பள்ளத்துக்குள் கோட்டின் புள்ளி ஒன்றுகூட இல்லை, இரண்டு கரையிலும் கோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. கோடுதான் முந்தியது. ஈட்டி இல்லை, கயிறும் இல்லை, மாடு வருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. டார்ச்சைக் கீழே இறக்கியபோது அது வயிற்றோடு நிற்கவில்லை என்றும் தெரிந்தது, இன்னும் இரண்டு முழம் கீழே இறங்கி, புல் மறைத்திருந்த இடத்தில் ஒரு கிண்ணக்குழியில் போய் முடிகிறது.

உளிச்சத்தம்:
அந்தக் குழியின் அடி வழவழப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா?

மலைச்சரிவு:
தொடவில்லை அண்ணா. வெளிச்சத்தில் வழவழப்பாகத்தான் தெரிந்தது, கோட்டில் இருக்கும் கொத்துப்புள்ளி எதுவும் குழிக்குள் இல்லை.

உளிச்சத்தம்:
அப்படியானால் கொத்தியதோடு விடவில்லை, பிறகு ரொம்ப நாள் தேய்த்திருக்கிறார்கள். துறைக்கு எழுதும்போது அதையும் எழுதுங்கள், புல்லை மட்டும் பிடுங்க வேண்டாம்.